சுவரைப் பார்த்து உட்காரும் விளையாட்டு

காசு கொடுத்து வாங்கிய விளையாட்டில் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்கிறார்கள். நான் படித்த பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாமல் போனால் இதை இலவசமாகவே செய்தார்கள்.

அந்த கேமுக்கு இங்கிலீஷில் முழ நீளத்துக்கு ஒரு பெயர். வாயில் நுழையாததால் நாங்கள் சூப்பு கேம் என்கிறோம். போன மாதம்தான் வெளியானதாம். பார்ட்டி கேம், குடும்பத்தோடு ஆடலாம், சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிடும் என்று இளஞ்செழியன் ஒரு வாரமாக அளந்துகொண்டிருந்தான். என் வீட்டுக்காரரின் சிநேகிதன் அவன், ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். அமாவாசையன்று எங்கள் பக்கம் தறி ஓடாது. படையல் போட்டுச் சாப்பிட்ட கையோடு, அவனும் அவன் மனைவி சுபத்ராவும் கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நாலு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து ஆடுவோம். இந்த அமாவாசைக்கு எனக்கு அந்த மனநிலை இல்லை.

காரணம் என் வீட்டுக்காரர் தமிழ்செல்வன். பத்தொன்பது வயதில் விசைத்தறி ஷெட்டுக்குப் போனவர், இப்போது முப்பத்தெட்டு. முள்ளிப்பட்டு ரோட்டில் இருக்கிற அந்த ஷெட்டில் இருபது தறி ஒன்றாக ஓடும். குடி கிடையாது, சீட்டு கிடையாது. எங்கேயோ ஒரு இழை அறுந்தால் நாலு தறி தள்ளி நின்றே பார்த்துவிடுவார். தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். தங்கத்தோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தானே தெரியும்.

இரண்டு வருடமாக நான் பேசினால் பதில் கிடையாது. சமையலறையிலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். முதுகுக்குப் பின்னால் நின்று ஊர்க்கதையெல்லாம் சொல்லி முடித்தாலும் எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான். ஆனால் இளஞ்செழியன் வாசலில் நின்று ‘மச்சான்’ என்று ஒரு குரல் கொடுத்தால் எழுந்து போவார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நேருக்கு நேர் நின்று சண்டை போட்டால் என் வாயையே பார்த்துக்கொண்டு, சரி விடு ரேணு என்பார். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. போதும் சாமி என்று ஆகிவிட்டது. அமாவாசை கழிந்த மறுநாள் காலையில் வந்தவாசிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடுவது, இனி திரும்புவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இந்த லட்சணத்தில் சூப்பு கேம். பூசணிக்காய்த் தலையோடு நாலு சமையல்காரர்கள். அவர்களில் ஒருவன் சூப்பு குண்டானைத் தூக்கிக்கொண்டு அடுப்படியிலிருந்து சாப்பாட்டு மேசைவரைக்கும் போக வேண்டும். நடுவில் நெருப்பு, பள்ளம், குறுக்கே ஓடும் பூனை. தூக்குகிறவர் ரிமோட் மாதிரி ஒரு பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார வேண்டுமாம். டிவியைப் பார்த்துக்கொண்டு இன்னொருவர் வழி சொல்ல வேண்டுமாம். சூப்பு கொட்டினால் நாலு பூசணிக்காயும் குப்புற விழும், ஊதல் ஒன்று பீப்பி என்று ஊதும். முதல் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது. பதினோராவது தடவை அந்த ஊதலை வாங்கி எங்காவது புதைத்துவிட்டு வரலாம் போலிருந்தது.

பட்டனை ஒரு தடவை அழுத்தினால் மூன்று அடி போகிறது. பாட்டு என்ற பெயரில் இரண்டு பேண்டு செட்டுக்காரர்கள் ஒரே மண்டபத்தில் அடித்துக்கொள்கிறார்கள். தமிழிலும் உண்டு என்று பெருமையாகப் போட்டிருந்தது. ‘சூப்பை கைவிடாதே நண்பா’ என்பதுதான் அந்தத் தமிழ். அந்தச் சூப்பில் என்ன இருக்கிறது என்று கடைசிவரைக்கும் ஒருத்தனும் சொல்லவில்லை. சமைக்கத் தெரியாதவன் எவனோ உண்டாக்கியிருக்கிறான்.

சுபத்ரா தூக்கிக் கொட்டினாள், இளஞ்செழியன் தூக்கிக் கொட்டினான், நானும் கொட்டினேன். பிறகு என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இளஞ்செழியன் தன் தடித்த குரலில் வழி சொன்னபோது தட்டுத் தடுமாறிப் பாதி தூரம் போய்விட்டார். அடுத்து வழி சொல்வது என் முறை. இடது பக்கம் என்றேன். நேராகப் போய் நெருப்பில் விழுந்தார். மறுபடியும் சொன்னேன், மறுபடியும் நெருப்பு. பாட்டுச் சத்தம்தான் காரணம் என்று டிவி சத்தத்தை மொத்தமாகக் குறைத்தாள் சுபத்ரா. மூன்றாவது தடவையும் நெருப்புதான்.

அண்ணி சொன்னால் மட்டும் கேட்க மாட்டான் என்று இளஞ்செழியன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வெளியாட்கள் முன்னால்கூட இந்த மனுஷன் என்னை மதிக்க மாட்டாரா என்று தோன்றியது. மனசில் இருந்தது அப்படியே வாயில் வந்துவிட்டது.

“நாளைக்குக் காலையில நான் வந்தவாசிக்குப் போறேங்க. இனிமே வரமாட்டேன்.”

இளஞ்செழியனின் சிரிப்பு நின்றது. சுபத்ரா என் கையைப் பிடித்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி, கட்டைவிரலைப் பட்டன்மேல் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னா ரேணு, எந்தப் பக்கம்? ஜல்தி சொல்லு, டைம் போய்கினு இருக்குது.”

அந்தக் குரலில் வேண்டாவெறுப்பே இல்லை. எப்படியாவது என்னை ஜெயிக்க வைத்துவிட வேண்டும் என்கிற அவசரம்தான் இருந்தது. நான் போகிறேன் என்றது அவர் காதிலேயே விழவில்லை. எழுந்து போய் அவருக்கும் சுவருக்கும் நடுவில், முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். குரலே எழுப்பாமல் வாயை மட்டும் அசைத்து, எத்தனை நாளாகக் காது கேட்கவில்லை என்று கேட்டேன்.

“ரெண்டு வருஷமா,” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நான் சத்தமில்லாமல் கேட்டது அவருக்குப் புரிந்தது. பட்டனைக் கீழே வைத்தார்.

தறிச் சத்தத்தில் ஷெட்டில் எவனும் காதால் கேட்டுப் பேசுவதில்லை, வாயைப் பார்த்தே பேசிப் பழகிவிட்டது, அதனால் வெளியே யாருக்கும் தெரியவில்லை என்றார். இளஞ்செழியன் மாதிரித் தடித்த குரல் இப்போதும் கொஞ்சம் கேட்கிறதாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

“உன் குரல்தான் மொதல்ல போச்சி. மத்தவங்களது கேக்குது, உன்னுது கேக்கலன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது?”

எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். இரண்டு வருடம் தொண்டை வறளத் திட்டியிருக்கிறேன், ஒரு வார்த்தைகூடக் காதில் போய்ச் சேரவில்லை. தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். பிறகு அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். சட்டை நனைந்த பிறகுதான் நான் அழுவது அவருக்குத் தெரிந்தது.