சீசனுக்குக் காலி செய்யாத வீடு

ஏற்காட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சித்திரை பிறந்தால் வீடு கிடையாது. சீசனுக்கு மலையேறி வருகிறவர்களுக்கு அந்த வீட்டைத் தினவாடகைக்கு விட்டுவிடுவார்கள். நாங்கள் சாமான்களை ஒரு மூலையில் அடுக்கி, பழைய சேலையைப் போர்த்திக் கட்டிவிட்டு, கீழே சேலத்துக்கு இறங்கிவிடுவோம். என் கணவர் மட்டும் இரவில் ஜீப்பிலேயே படுத்து, பகலில் சவாரி ஓட்டுவார். வைகாசி கடைசியில் திரும்பி வந்து, யாரோ தின்றுபோட்ட சோளக்கதிர்த் தண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு மறுபடி குடியிருப்போம். ஒன்பது வருடம் இப்படித்தான். இதை யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. நான் ஒரு பள்ளி விடுதிச் சமையல்கட்டில் காய் நறுக்குகிறவள். லீவு விட்டால் எனக்கும் மலைமேல் வேலை இல்லை.

அந்த வருடம் என் மகளுக்குத் தலைப்பிரசவம். வைகாசி முதல் வாரம் என்று சொல்லியிருந்தார்கள். ஓமலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண். பங்குனியில் வளைகாப்பு முடித்து அழைத்து வர வேண்டும். எங்கே அழைத்து வருவது? சேலத்தில் நாங்கள் போய் ஒண்டுவது என் நாத்தனார் வீட்டில். தகரம் போட்ட ஒற்றை அறை. தாய் வீட்டுக்கு என்று வருகிற பெண்ணை அங்கே படுக்க வைக்க மனம் வரவில்லை.

கணவர், "எனக்கு இதுக்கெல்லாம் நேரமில்ல, நீயே பாரு" என்று சொல்லிவிட்டார். வேற்று மனிதர் வீட்டு வாசலில் நின்று கூப்பிடவே எனக்கு நாக்கு எழாது. ஆனாலும் மாசியில் தேட ஆரம்பித்தேன்.

முதலில் எங்கள் ஓனரிடமே கேட்டேன். "ஏனுங்க அம்மிணி, பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டுனதே சீசனுக்குத்தானுங்களே" என்றார்.

மூன்று மணிக்கு விடுதி வேலை முடிந்ததும் கடைத்தெருவுக்குப் பின்னால், ஏரிக்குப் பின்னால் என்று ஏறி இறங்கினேன். முழங்கால் கழன்றுவிடும் போல் இருந்தது. எல்லா இடத்திலும் ஒரே பேச்சு. "பத்து மாசம் மகாராணி மாதிரி இருங்க. ரெண்டே ரெண்டு மாசந்தானுங்களே" என்றார் ஒருவர்.

கிளியூர் போகிற வழியில் ஒரு வீடு நன்றாக இருந்தது. அந்த ஓனர் சீசனைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானாகக் கேட்டால் நினைவுபடுத்தியது போல் ஆகிவிடும் என்று பயந்து, தலையாட்டி, வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போனேன். அவர் மனைவி, சாப்பிட்டாயா என்று கேட்பது போல, "சீசனுக்கு எங்கீங்க போவீங்க, சேலமா, ஆத்தூரா?" என்றார். நான் "சேலமுங்க" என்று பதில் சொன்னேன். ரோட்டுக்கு வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. என் மேலேயே ஆத்திரமாக வந்தது. பெண்ணின் பிரசவத்தை முன்பின் தெரியாதவர்களிடம் எப்படிச் சொல்வது என்றே எங்கும் சொல்லாமல் இருந்தேன்.

கடைசியாக, காப்பித்தூள் கடை வைத்திருந்த ஒரு பெண்ணின் வீடு. மேலே ஒரு வீடு, பள்ளத்தில் ஒரு வீடு. பள்ளத்து வீட்டின் சன்னலை அவள் திறந்தாள். எதிரே கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பாசி பிடித்த கல்சுவர்.

"பாத்துக்குங்க. ரெண்டு வருசம் சீசனுக்கு உட்டுப் பாத்தேன். வந்தவனெல்லாம் வியூ எங்க, வியூ எங்கன்னு என்னயத் திட்டிப்போட்டுப் போனானுங்க. நானென்ன, மலைய நவுத்தியா வெக்கட்டும்?"

"அப்போ சீசனுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"சீசனுக்கு என்னங்க்கா?"

இதிலும் தலையாட்டிவிட்டு வந்தால் என் பெண் தகரத்துக்கு அடியில்தான் படுக்க வேண்டும். "சித்திரை வைகாசில எங்கள ஊட்ட உட்டு எழுப்பிராதீங்க. புள்ளைக்குத் தலப்பிரசவம்" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் சுவரைத் தடவி, விரலைப் பார்த்தாள். "நொம்ப ஓதமா இருக்குது. பச்சப்புள்ளைக்கு ஆகாது. அதுக்குள்ள சுண்ணாம்பு அடிச்சுக்குங்க. மேல் ஊட்டுல டூரிஸ்ட்டு வந்து குதிப்பானுங்க, அதயும் பொறுத்துக்கோணும். எழுப்ப மாட்டேன், போங்க்கா."

பஸ் நிறுத்தத்துக்கு வந்து உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தேன்.

"ஊடு கெடச்சிதாம்மா?"

"கெடச்சிருச்சு கண்ணு."

"சீசனுக்கு?"

"காலி பண்ண வேண்டியதில்ல. நீ வா."

"அப்ப அத்தைகிட்டச் சொல்லிர்றேம்மா. பிரசவம் எங்கன்னு தெனம் கேக்கறாங்க" என்றாள். மாமியார் கேட்பதை அதுவரை அவள் என்னிடம் சொன்னதே இல்லை.

எங்கள் பக்கம் போகிற வாழவந்தி பஸ் வந்து நின்றது. வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும். சாமான் கட்ட வேண்டும், சுண்ணாம்புக்கு ஆள் சொல்ல வேண்டும். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. பஸ் கிளம்பிப் போனது. அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.