மஞ்சள் சோறு கொடுத்து வாங்கிய பெயர்

சில மாதங்களுக்கு முன்னால் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. பூச்சரம் சொல்லிவைக்க நானும் அவளோடு தேக்கா கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். வார இறுதியில் தேக்கா எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் காலை நாமே தேடிக்கொண்டுதான் நடக்க வேண்டும். பூக்கடைக்காரர் மல்லிகையை முழம் போட்டுக்கொண்டிருந்தார். அவள் கடை ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் வயிற்றைத் தாங்கியபடி உட்கார்ந்து, கைப்பேசியில் பெயர் தேட ஆரம்பித்தாள். பெண் குழந்தை என்று மருத்துவர் சொல்லியாகிவிட்டது. இதற்கென்றே இணையத்தளங்கள் இருக்கின்றனவாம். பெயரைத் தட்டினால் போதும், அது எந்த ஊர்ப் பெயர், என்ன பொருள், எவ்வளவு பேர் வைக்கிறார்கள் என்று கத்தரிக்காய் விலை சொல்வதைப்போல் சொல்லிவிடுகின்றன.

"பெரியம்மா, அம்மா பேரைப் போட்டுப் பார்த்தேன். மீனிங் ஜாஸ்மின். ஒரிஜின் மலாய். தமிழ் பேபி நேம்ஸ்ல தேடினா வெரி ரேர்னு வருது."

வராமல் என்ன செய்யும்? என் தங்கையின் பெயர் மெலாத்தி. மலாய் மொழியில் மல்லிகைப்பூ. அதையே தமிழில் மல்லிகா என்று வைத்திருந்தால் ஊரில் பத்தோடு பதினொன்றாக இருந்திருப்பாள். என் வகுப்பிலேயே மல்லிகாக்கள் இருந்தார்கள், ஆசிரியர் கூப்பிட்டால் ஒரு வரிசையே எழுந்து நிற்கும். ஆனால் மெலாத்தி என்ற பெயரில் ஒரு தமிழ்ப் பெண்ணை நான் இன்றுவரை வேறெங்கும் பார்த்ததில்லை.

"எனக்கு அந்தப் பேரையே பேபிக்கு வைக்கணும்னு ஆசை. அம்மாதான் வேண்டாங்கிறாங்க. ஏன்னு கேட்டா பேச்சை மாத்துறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க, பேசிப் பாருங்களேன், ப்ளீஸ் லா."

பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது நம்மிடம் புதிதா என்ன? பேசுகிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். பூக்காரர் சரத்தை வாழை இலையில் சுருட்டிக் கையில் கொடுத்தார். எல்லோருக்கும் மல்லிகை வாசம் வந்தால் கோயிலோ கல்யாணமோ ஞாபகம் வரும். எனக்குத் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சேர்ந்து வேகிற சோற்று வாசம்தான் வரும். மூக்குக் கோளாறு இல்லை. அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்கு வந்த வழி அப்படி.

அப்போது நாங்கள் கேலாங்கில் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். நீளமான பொது நடைபாதை, வரிசையாகக் கதவுகள். பக்கத்து வீட்டில் ரொகாயா மக்சிக். மக்சிக் என்றால் மலாயில் அத்தை, சித்தி என்று எல்லாவற்றுக்கும் பொருந்தும். அவருக்கு மூன்றும் பையன்கள். எங்கள் வீட்டில் நான் ஒருத்தி. எனக்குப் பிறகு இரண்டு தம்பிகள் பிறந்து, இரண்டுமே தொட்டிலுக்குப் பழகுவதற்குள் போய்விட்டன. அதற்குப் பிறகு தங்கை பிறந்தபோது அம்மா சந்தோஷப்படவே பயந்தாள். குழந்தையைப் பார்க்க வந்தவர்களிடம், "கறுப்பா, சோனியா இருக்கு, பார்க்க ஒண்ணுமில்ல" என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

பிள்ளை தங்காத வீட்டில் பிறந்த குழந்தையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவது ஒரு வழக்கம். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். முறத்தில் குழந்தையைக் கிடத்தி, யாராவது ஒருவரிடம் கொஞ்சம் தவிடு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட வேண்டும். வாங்கியவர் குப்பை, பிச்சை என்று ஏதாவது கேவலமாகப் பெயர் வைக்க வேண்டும். பிறகு குழந்தை பெற்றவளிடமே வளரும், ஆனால் கணக்கில் அது வாங்கியவருடையது. தவிட்டுக்கு விற்ற பிள்ளை, குப்பை என்று பெயர் வேறு, இதை எடுத்துப்போய் என்ன ஆகப்போகிறது என்று எமன் தாண்டிப் போய்விடுவான். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய விலையைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம்.

அம்மா மக்சிக்கைத் தேர்ந்தெடுத்தாள். எமன் பக்கத்து வீட்டில் தேடினாலும் மலாய் வீட்டில் தமிழ்ப் பிள்ளையைத் தேட மாட்டான் என்று ஒரு உபரிக் கணக்கும் போட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். அடுக்குமாடியில் தவிட்டுக்கு எங்கே போவது? கோழி வளர்க்கும் ஒரு சீனரிடம் அப்பாவை அனுப்பி ஒரு பொட்டலம் வாங்கி, அதை மக்சிக்கிடம் கொடுத்து, "நாளைக்கு இதைக் கொண்டுவந்து எங்கிட்ட குடுத்துட்டுப் பிள்ளையை வாங்கிக்குங்க" என்று தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் விளக்கினாள். விற்கிறவளே விலையையும் வாங்கிக் கொடுத்த வியாபாரம் அது.

மறுநாள் மக்சிக் வந்தார். கல்யாணத்துக்குப் போவதைப்போல் உடுத்தியிருந்தார். கையில் தவிடு இல்லை, ஒரு பெரிய தாம்பாளம் இருந்தது. மஞ்சளும் தேங்காய்ப்பாலும் விட்டு வேகவைத்த புலுட் சோறு, நம் ஒட்டரிசிதான், கோபுரமாகக் குவித்து உச்சியில் அவித்த முட்டை. பக்கத்தில் மடிப்புக் கலையாத புது பாத்தேக், பூ அச்சிட்ட மலாய்த் துணி. அம்மாவின் முகம் செத்துவிட்டது.

"தவிடு எங்க?"

"குருவிக்குப் போட்டுட்டேன். கோழித் தீனி குடுத்தா ஒரு பெண்பிள்ளையை வாங்குவாங்க? பாவம் இல்லையா?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் மக்சிக் குழந்தையை முறத்திலிருந்து எடுத்துப் புதுத்துணியில் சுற்றிவிட்டார். "மெலாத்தி" என்று அதன் காதில் சொன்னார். அம்மா எதிர்பார்த்தது குப்பைக்கு மலாயில் ஒரு சொல்லை.

அன்றைக்கு அந்தச் சோற்றை ஆசை தீரச் சாப்பிட்டவள் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். "என்னையும் வித்துடேம்மா" என்று கேட்டதும் நினைவிருக்கிறது. "உன்னை யாரு வாங்குவா?" என்றாள், அவ்வளவு கவலையிலும்.

அப்பா சடங்கு சம்பிரதாயத்தை நம்புகிறவர் இல்லை. ஆனால் அவருக்கு எதிலும் விதிமுறை விதிமுறைதான். "வாங்கினவங்க வச்ச பேரைத்தானே எழுதணும்? நீதானே சொன்னே?" என்று பிறப்புச் சான்றிதழில் அதையே பதிந்துகொண்டு வந்துவிட்டார். விலையும் உசத்தி, பெயரும் அழகு, அதுவும் அரசாங்கக் காகிதத்தில். செய்த பரிகாரம் மொத்தமும் பாழ் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். அந்தப் பெயரை அவள் வாயால் சொல்லவே இல்லை. குப்பு என்றுதான் கூப்பிட்டாள், அதையும் எமனுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக.

பள்ளியில் சேர்த்ததும் பெயரைப் பார்த்து, தாய்மொழிப் பாடத்துக்கு அவளை மலாய் வகுப்பில் உட்காரவைத்துவிட்டார்கள். அவளும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். பாதி நாள் மக்சிக் வீட்டில் வளர்கிறவளுக்கு அதில் என்ன கஷ்டம்? தமிழ் வகுப்புக்கு மாற்றிய பிறகு ஆசிரியை, "இது என்னம்மா பேரு, யாரு வச்சா?" என்று கேட்டாராம். "என்னை வாங்கினவங்க" என்று சொல்லியிருக்கிறாள். ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் இங்கே முடியாது.

அந்த வருடமே அவளுக்கு அம்மை போட்டது. கடுமையான அம்மை. காய்ச்சலில் கண் திறக்கவில்லை. வாசலில் வேப்பிலை கட்டிவிட்டு அம்மா உள்ளே வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மக்சிக் இளநீரோடு வந்து வாசலில் நின்றதும், அத்தனை வருடம் அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. சண்டை மலாயில்தான். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

"சோத்தைக் குடுத்து வாங்கினே, பூப்பேரு வச்சே! இப்ப பாரு, கண்ணு பட்டுப்போச்சு. குப்பைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பிள்ளை பொழைச்சிருக்கும்."

மக்சிக் அதட்டிப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு அதட்டினார். "யாரு பிள்ளை? நீதானே வித்தே? மூணும் பையனாப் பெத்தேன். ஒரு பெண் பிறந்தா வைக்கணும்னு இத்தனை வருஷமா எடுத்து வச்சிருந்த பேரு அது. என் பிள்ளையைக் குப்பைன்னு கூப்பிட நான் ஏன் சம்மதிக்கணும்?"

அம்மா எழுந்து இளநீரை வாங்கிக்கொண்டாள். அம்மை இறங்கும்வரை மக்சிக் தினமும் வந்து வாசலுக்கு வெளியே பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு அம்மா, வெளியே ஒரு அம்மா, நடுவில் வேப்பிலை. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. தங்கை பிழைத்தாள். ஆனாலும் அம்மா குப்பு என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

பிறகு கேலாங் வீடுகளை இடித்தார்கள். எங்களுக்கு ஈசூனில் வீடு, மக்சிக்குக்குத் தெம்பனிஸில். தீவின் இரண்டு மூலைகள். தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அம்மாவுக்குப் பழைய பாக்கி ஞாபகம் வந்துவிட்டது, பிள்ளையை மீட்க வேண்டும். வாங்கிய விலையையே கொடுக்க வேண்டுமே. அதனால் அம்மா வாழ்க்கையில் முதல்முறையாக மஞ்சள் புலுட் சோறு சமைத்தாள். உச்சியில் முட்டையும் வைத்தாள். நான் அதை மடியில் வைத்துக்கொள்ள, அம்மாவும் நானும் பேருந்தில் போனோம். வண்டி பிரேக் போட்ட இடத்திலெல்லாம் கோபுரம் சரிந்தது.

மக்சிக்குக்கு நன்றாக வயதாகியிருந்தது. தாம்பாளத்தைத் திறந்து பார்த்தார். எதற்கு வந்திருக்கிறோம் என்று உடனே புரிந்துவிட்டது. ஒரு வாய் எடுத்து மெதுவாக மென்றார்.

"தேங்காய்ப்பால் பத்தலை" என்றார். "இந்த விலைக்குத் தர முடியாது."

"நான் வேணும்னா மறுபடி செஞ்சு கொண்டு வரேன்" என்றாள் அம்மா.

"எப்படிச் செஞ்சாலும் பத்தாது. கல்யாணத்துல எனக்கு எங்க நாற்காலி போடுவேன்னு சொல்லு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் அழுததையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில், "மெலாத்திக்கு முகூர்த்தப் புடவை என்ன கலர்ல எடுக்கலாம்?" என்று கேட்டாள். அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை அப்போதுதான் முதலில் கேட்டேன். அரக்கு என்று சொன்னேன்.

கல்யாணத்தில் மக்சிக் மணவறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அம்மா குப்பு என்று கூப்பிட்டதே இல்லை. மக்சிக் இறந்தபோது அவர் மகன்கள் முதல் ஃபோனைத் தங்கைக்குத்தான் போட்டார்கள். கொஞ்ச நாளில் அம்மாவும் போய்விட்டாள்.

வளைகாப்புக்கு முதல் நாள் தங்கையிடம் பேச்சை எடுத்தேன். வளையல்களை நிறம்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, உன் பேரை வைக்கணும்னு அவ ஆசையா கேக்குறா. என்ன குறைஞ்சுபோச்சு?"

"அது சும்மா வச்ச பேரு இல்லக்கா. பக்கத்து வீட்டுல இருந்து ஒருத்தங்க வந்து, எனக்கு இந்தப் பிள்ளை வேணும்னு கேட்டு வாங்கி வச்ச பேரு. அவ இருக்கிற பிளாக்ல அவளுக்கு யாரைத் தெரியும்? எதிர்வீட்டுக் கதவு திறந்து நான் பார்த்ததே இல்ல. போன்ல பார்த்து வைக்கிற பேரா அது?"

நானும் உட்கார்ந்து வளையல்களைப் பிரிக்க ஆரம்பித்தேன். குழந்தை பிறந்தது, நல்லபடியாக. வேறு பெயர் வைத்தார்கள், அழகான பெயர்தான். கேட்ட அன்றே எனக்குப் பிடித்துவிட்டது.

ஆனால் பிறகு ஒன்று உறைத்தது. தங்கையின் மாமியார் வீட்டில் மெலாத்தி என்ற பெயர் வாயில் நுழையவில்லை என்று கல்யாணமான முதல் வாரமே அவளை லதா ஆக்கிவிட்டார்கள். கணவருக்கும் லதாதான். மகளுக்கு அம்மா, வேலையிடத்தில் மேடம், இனி பேத்திக்குப் பாட்டி. அப்பா இல்லை, அம்மா இல்லை, மக்சிக் இல்லை, அவர் மகன்களோடும் தொடர்பு விட்டுப்போயிற்று. மெலாத்தி என்று அவளைக் கூப்பிட இந்த ஊரில் நான் ஒருத்திதான் மிச்சம். அதனால் இப்போதெல்லாம் ஒரு விஷயமும் இல்லாவிட்டாலும் தினமும் ஃபோன் போட்டு, முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறேன்.