சொந்த ஊர் ஆப்பிரிக்கா

எண்ணூர் கடற்கரைச் சாலையில் பஸ் நகரவே நகராது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை கட்டி நிற்கும், நடுவில் எங்கள் பஸ் மாட்டிக்கொண்டு உறுமும். ஆளாளுக்கு டிரைவரைத் திட்டுவார்கள். நான் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். பொதுவாக எனக்கு மூக்கு நுனியில் கோபம், ஆபீஸில் என்னைப் பட்டாசு என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்தச் சாலையில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் நான் வேறு ஆள். கடலரிப்புக்காகக் கொட்டிய கருங்கற்கள், அங்கங்கே மிச்சமிருக்கும் கொஞ்சம் மணல், அதற்கப்பால் காலை வெயிலில் கண் கூசுகிற கடல். அந்த மணலில் நான் ஆட்களை நடக்கவிடுவேன்.

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். பஸ் நிற்கிற நேரத்தில் போனில் எதையாவது படிக்கிற பழக்கம் எனக்கு. மற்றவர்கள் சீரியல் பார்ப்பார்கள், நான் ஆதி மனிதர்களைப் பற்றிப் படிப்பேன். ஏன் என்று கேட்டால் தெரியாது, பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான். நம் எல்லோருடைய மூதாதையரும் ஆப்பிரிக்காவில்தான் இருந்தார்களாம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து கிளம்பியவர்களில் சிலர் கடலோரமாகவே நடந்து இந்தப் பக்கம் வந்திருக்கலாம் என்று சில ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். எங்கேயோ போய்ச் சேர வேண்டும் என்று அவர்கள் நடக்கவில்லை. மட்டி பொறுக்கித் தின்றுகொண்டு, தண்ணீர் கிடைத்த இடத்தில் தங்கி, ஒரு தலைமுறைக்குக் கொஞ்ச தூரம். அம்மாவைப் புதைத்த இடத்தைத் தாண்டி மகள் கொஞ்சம் நடந்திருப்பாள், அவ்வளவுதான். அவர்களை நான் கருங்கல்லுக்கு அந்தப் பக்கம் பார்ப்பேன். இடுப்பில் பிள்ளை, கையில் குச்சி. லாரிகளின் ஹாரன் ஒன்றும் அவர்களுக்குக் கேட்காது. ஒருத்தி நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து எங்கள் பஸ்ஸைப் பார்ப்பாள். எனக்கு அப்படியே உடம்பு லேசாகிவிடும்.

அவர்களுக்கும் முன்னால் இங்கே ஆட்கள் இருந்தார்கள் என்று படித்தபோது நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பையே விட்டுவிட்டேன். கொசஸ்தலை ஆற்றங்கரையில் அத்திரம்பாக்கம் என்று ஓர் ஊர். அங்கே மண்ணுக்கடியில் கல்கோடரி கல்கோடரியாகக் கிடைத்திருக்கிறது, லட்சக்கணக்கான ஆண்டுகள் பழையவை. செய்தவர்கள் நம் இனமே இல்லையாம், அதற்கு முந்தின ஏதோ மனிதர்கள். அந்தக் கொசஸ்தலை வந்து கடலில் விழுகிற இடம் எது? இந்த எண்ணூர் முகத்துவாரம்! அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்து கலீஜாகக் கிடக்கிற அதே தண்ணீர். எப்போதும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போகிற ஆற்றை, அன்று ஸ்டாப்பை விட்டு எண்ணூர் வரை போய்விட்டதால், நின்று பார்த்தேன். ஆற்றின் மேல்பக்கம் யாரோ கல்லைச் செதுக்குகிற சத்தம் தண்ணீரோடு மெல்ல இறங்கி வருவதுபோல் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. குளிர் தேசத்துக் குகை ஒன்றில் ஒரு பெண்பிள்ளையின் எலும்புத் துணுக்கு கிடைத்ததாம். மரபணுவைப் பார்த்தால் அம்மா ஒரு மனித இனம், அப்பா வேறொரு மனித இனம். அந்தச் செய்தியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த அம்மாவும் அப்பாவும் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள்? முதலில் யார் யாரைப் பார்த்துச் சிரித்தது? சொல்ல ஆள் இல்லை, நானே சொல்லிக்கொள்வேன்.

இப்போது, அதையெல்லாம் கேட்க வந்து சேர்ந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு ஒன்றில் எனக்குக் கிளார்க் வேலை. அவர் ராயபுரத்தில் பருப்பு மொத்த வியாபாரம், அப்பாவோடு சேர்ந்து. துவரம்பருப்பு கன்டெய்னர் ஒன்றை எடுக்க வந்து, பேப்பர் சரியில்லை என்று நாள் பூராவும் என் மேஜைக்கு எதிரே காத்துக் கிடந்தார். மத்தியானம் நான் ஜன்னல் வழியாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, "என்ன மேடம் பலமான யோசனை?" என்றார். வாய்க்கொழுப்பில் என் நடைக்காரர்களைப் பற்றிச் சொன்னேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். மனுஷன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மழைக்காலத்துல என்ன சாப்பிட்டிருப்பாங்க?" என்று கேட்டார். பருப்பு வியாபாரி கேட்கிற கேள்வியா பாருங்கள்! அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

அவர் பிறந்தது ராயபுரத்து ஆஸ்பத்திரியில், படித்தது ராயபுரத்தில், முதல் அடி வாங்கியதும் ராயபுரத்துத் தெருவில். ஆனால் ஊர் எது என்று கேட்டால் தெற்கே கையைக் காட்டுவார். தாமிரபரணிப் பக்கம் சின்ன ஊர். வருஷத்துக்கு ஒருமுறை கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கடை ஷட்டரை இறக்கிவிட்டுக் குடும்பமே ரயிலேறும். அதைப் பேசும்போது அவர் முகமே மாறிவிடும். "நாலு நாள் இருந்துட்டு வர்ற எடம், அது உங்க ஊரா?" என்று சீண்டுவேன். "உனக்குப் புரியாது, அங்க எனக்குன்னு ஒரு எடம் இருக்கு" என்பார்.

முகத்துவாரத்தில் படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு சாயங்காலம், வீட்டில் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவதாகவும் சொன்னார். "அவங்க சரின்னு சொல்லிட்டா ஐப்பசியில கல்யாணம்." இல்லையென்று சொன்னால்? அவர் படகுகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். எனக்கு முப்பது தாண்டியிருந்தது. இவர் இல்லையென்றால் இன்னொருவர் என்று நினைக்கிற கட்டத்தில் நான் இல்லை. இவர்தான் வேண்டும் எனக்கு.

எங்கள் வீடு வியாசர்பாடியில், ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஃபேன் சத்தம் போடுகிறதா என்று நாலு தடவை போட்டுப் பார்த்தார். அம்மா கேசரியும் பஜ்ஜியும் செய்தாள். அவரும் அவரைப் பெற்றவர்களும் மேல்மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்கள். அவருடைய அம்மா நல்ல மனுஷி, வந்ததும் "சமையக்கட்டு சுத்தமா வச்சிருக்கீயளே" என்று அம்மாவைப் பாராட்டினார். பிறகு அந்த அம்மாளின் கண் ஷோகேஸில் இருந்த புத்தரிடம் போய் நின்றது.

வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் நிறையப் பேர் உண்டு. அந்த அம்மாளுக்கு அதுதான் தோன்றியிருக்கிறது. "நீங்க பர்மால இருந்து வந்தவியளா?"

"இல்லீங்க, நாங்க இங்கியேதான்" என்றார் அப்பா.

"இங்கன்னா? சொந்த ஊரு எது?"

"மெட்ராஸ்தாங்க."

"அது பொழைக்க வந்த ஊருல்லா. அதுக்கு முன்னாடி?"

"முன்னாடியும் மெட்ராஸ்தாங்க. எங்க தாத்தா ஹார்பர்ல மூட்ட தூக்கிகினு இருந்தாரு."

"அதுக்கும் முன்னாடி?"

ஊரைக் கேட்பார்கள், பிறகு தெருவைக் கேட்பார்கள், பிறகு எந்தக் கோயில் என்பார்கள். கடைசியில் எங்கே வந்து நிற்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? அப்பா கையைப் பிசைந்துகொண்டு தரையைப் பார்த்தார். கப்பலிலிருந்து மலை மாதிரிப் பெட்டிகளை இறக்கிய மனுஷன், ஒரு கேள்விக்குத் திணறுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆப்பிரிக்கா" என்றேன்.

மாப்பிள்ளையாக வந்தவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அவருடைய அம்மா முகம் மலர்ந்துபோனது! "ஆப்பிரிக்காலயா? அங்கன என்ன யாபாரம் பாத்தீய?"

பர்மாவிலிருந்து திரும்பி வரலாம் என்றால் ஆப்பிரிக்காவிலிருந்து வரக் கூடாதா என்ன? அவருடைய அப்பாவும் உற்சாகமாகிவிட்டார். "எங்க பெரியப்பா ரங்கூன்ல கடை வச்சிருந்தாவ. சண்டை வந்தப்போ எல்லாத்தையும் போட்டுட்டு நடந்தே வந்து சேந்தாவ. நீங்க எப்படி வந்தீய, கப்பல்லயா?"

"நாங்களும் நடந்துதாங்க வந்தோம்" என்றேன். பொய்யா அது?

"ஆத்தாடி, அவ்வளவு தூரமா!" அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பச்சப் பிள்ளையள எல்லாம் இடுப்புல தூக்கிட்டு நடந்திருப்பாவளே. வழியில எத்தன உசுரு போச்சோ." அவர் கண் நிஜமாகவே கலங்கியது. கை மெத்தென்று, வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு ஒரு கணம் எல்லாம் மறந்துபோயிற்று. கருங்கல்லுக்கு அந்தப் பக்கம் நடந்தவர்களுக்காக என்னைத் தவிர இன்னொரு ஜீவன் கண்கலங்கி அன்றுதான் பார்த்தேன். இப்படியே இருந்துவிடலாம் போல இருந்தது. பக்கத்திலிருந்த மகனும் என்னைப் பார்த்தார். விட்டுவிடேன், இப்படியே இருக்கட்டுமே என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

"இது எப்போ, உங்க தாத்தா காலத்துலயா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

என்னால் முடியவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை. "பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னாடி அத்தை. நாங்க மட்டும் இல்ல, உங்க ஆளுங்களும் கூடத்தான் வந்தாங்க. மனுஷங்க எல்லாரும் அங்கேருந்துதான். அப்போ தெற்கு வடக்குன்னு யாருக்கும் சொந்த ஊரு இல்ல."

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. அவருடைய அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "வெளையாடுதியாம்மா?" என்றார்.

அப்போதுதான் என் அப்பா நிமிர்ந்தார். "பாப்பா, நீ கம்முனு இரு. அவங்க கேக்குறது அது இல்ல." பிறகு அவர்களைப் பார்த்து, எங்கள் சாதியின் பெயரைச் சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பஸ் நம்பர் சொல்கிற மாதிரி சொன்னார்.

என் கையிலிருந்த கை போய்விட்டது. அந்த அம்மாள் உதறவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி எடுத்துக்கொண்டார், பிறகு திருப்பித் தரவில்லை. கேசரித் தட்டுகள் தொடாமல் இருந்தன. "நேரமாச்சு" என்று இரண்டு பேரும் எழுந்தார்கள். மகனும் எழுந்தார். என்னைப் பார்க்காமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, தன் அம்மாவின் தோளைப் பிடித்துப் படியிறங்கினார்.

நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே ஆட்டோ நின்றது. மூன்று பேரும் ஏதோ பேசினார்கள், மேலே கேட்கவில்லை. அந்த அம்மாள் அழுதார், அவருடைய அப்பா விரலை ஆட்டி ஆட்டிப் பேசினார். சும்மா சொல்லக் கூடாது, அப்போது என் தைரியமெல்லாம் போன இடம் தெரியவில்லை. அவரும் அவர்களோடு போய்விடுவார் என்றே நினைத்தேன். ஆட்டோவில் அவருக்கும் இடம் இருந்தது.

ஆட்டோ கிளம்பிப் போயிற்று. அவர் மட்டும் தெருவில் நின்றுகொண்டிருந்தார். சைக்கிள் விட்ட பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு போயின.

அப்பா என் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, அங்கியே நின்னுகினு? மேல வா."

வந்தார். வாசலில் நின்றபடியே, "இனிமே உனக்குச் சொந்த ஊரு கிடையாதுன்னு சொல்லிட்டாங்க மாமா" என்றார். சொல்லி முடிக்கும்போது உதடு கோணிக்கொண்டது. அவ்வளவு பெரிய மனுஷனுக்கு.

அப்பா ஒன்றும் தத்துவம் பேசவில்லை. நாற்காலியில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இடம் விட்டார். "எங்களுக்கும் கெடையாது. குந்து."