அத்தான் எழுதிய பதினெட்டு

அக்கா நீட்டிய கடித உறைக்குள் ஒரு சிறு துண்டு வெள்ளை டேப் மட்டும் இருந்தது. அதில் 18 என்ற எண். கீழே அத்தானின் கையெழுத்து. அத்தான் செத்து முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்திருந்தது. எட்டு வருடங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அக்கா என்னை வீட்டுக்குள் கூப்பிட்டாள்.

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் அத்தான் வெல்டராக இருந்தார். ஆழ்கடலில் கிடக்கும் பழைய கப்பல்களைச் சுழியோடிப் பார்ப்பது அவருக்குப் பைத்தியம். எங்கள் தமிழ் ஆட்களில் அந்தக் குளிருக்குள் இறங்கியவர் அவர் ஒருவர்தான். அவருக்கும் கூட இறங்கும் டேனிஷ்காரருக்கும் நான்தான் சிலிண்டர்களில் வாயு நிரப்புவேன். அடியில் சுவாசிக்க ஒரு கலவை, மேலே வரும்போது இன்னொன்று. மேலுக்கான கலவையில் ஒட்சிசன் கூடுதல். அதை அடியில் சுவாசித்தால் வலிப்பு வரும். அதனால் சுழியோடுபவரே கருவியால் அளந்து, ஒட்சிசன் எத்தனை சதவீதம் என்று டேப்பில் எழுதி, கையெழுத்து வைத்து ஒட்டவேண்டும். அளக்காமல் எழுதக்கூடாது.

ஸ்காகெராக் கடலில் எழுபது மீற்றர் ஆழத்தில் கிடந்த சரக்குக் கப்பலுக்குப் போன காலை, அவருடைய இரண்டு சிலிண்டர்களும் பார்க்க ஒரே மாதிரி. ஒன்றில் ஐம்பது, மற்றதில் பதினெட்டு என்று நான் சோக்கால் எழுதியது அலையில் அழிந்துவிட்டது.

"அத்தான், ஒருக்கா அளந்து பாருங்கோ" என்றேன்.

"டேனிஷ்காரருக்கு முன்னால என்ர மச்சான்ர வேலையைச் சோதிக்கச் சொல்லுறியோ? அவங்கள் தகப்பனையும் அளந்துதான் நம்புவாங்கள்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது. நான் மற்றவர்களின் சாமான்களைத் தூக்கப் போனேன். அவர் கைக்கு வந்த சிலிண்டரில் 18 என்று எழுதி ஒட்டிக்கொண்டு இறங்கினார். அதற்குள் இருந்தது ஐம்பது.

அடியில் வலிப்பு வந்தது. முழு முகக்கவசம் இருந்ததால் மூழ்கவில்லை. நின்று நின்று ஏறவேண்டிய தூரத்தைக் கூட இறங்கியவர்கள் நிற்காமல் மேலே கொண்டுவந்ததில், இரத்தத்தில் வாயு குமிழியாகி இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அத்தான் அக்காவிடம் சொன்னார்: "உன்ர தம்பி வாயுவை மாத்தி அடிச்சுப்போட்டான்." டேப்பைப் பற்றி நான் கேட்டபோது, கடலோடு போய்விட்டது என்றார். எந்த வீட்டுக்கு நான் போனாலும் கதை நின்றது. எதிர்த்துக் கதைக்க எனக்கு வாய் வராது. சோக்கை நானே மாற்றி எழுதினேனோ என்று எட்டு வருடம் யோசித்தேன். யார் பிழை விட்டிருந்தாலும், அளந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

டேப்பைக் காட்டி, "அளந்துபோட்டுத்தான் இதை எழுதோணும், அக்கா" என்றேன்.

"தெரியும். போன வருசம் அவர் ஒளிச்சு வைச்சிருந்த இதைத் தந்து எல்லாம் சொன்னவர்."

போன வருடம். என் வீடு அங்கிருந்து நான்கு தெரு தள்ளி.

"ஆரிட்டையும் காட்டாதை, தம்பி" என்றாள். "செத்த மனுசன்ர பேர் கெட்டுப்போடும்."

டேப்பை உறைக்குள் திரும்ப வைத்தேன். அக்கா கேட்டபடியே, இந்தக் கதையில் அவர் பெயரை எழுதவில்லை.