கிருமி இல்லாத இட்லிக்கடை

என் மகளின் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் அறிவியல் பட்டறை நடக்கும் என்று சொன்னார்கள். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பாடம் அவளுக்கு, பயம் எனக்கு என்று பிரித்துக்கொள்ளப் போகிறோம் என்பது அப்போது தெரியாது.

முதல் வாரம் ஏரித் தண்ணீரை லென்ஸில் பார்த்துவிட்டு வந்து, அதில் ஓடியவற்றை விரலால் நெளித்துக் காட்டினாள். அன்றிலிருந்து காய்ச்சிய தண்ணீரை இன்னொரு முறை காய்ச்சினேன். அடுத்தது மண்புழு வாரம். தோட்டமே இல்லாத வீட்டில் செருப்பை உதறி உதறிப் போட்டேன். அதன் பிறகுதான் கிருமி வாரம் வந்தது.

"வீட்ல ஏதாவது ஒண்ண பஞ்சால தொடச்சு எடுத்துட்டு வரணும்ப்பா. சைனா கிராஸ், அதான் கடல்பாசி, அத காய்ச்சி தட்டுல ஊத்தி, அதுமேல தடவி மூடி வெப்பாங்க. அடுத்த சனிக்கிழமை என்ன முளைச்சிருக்குன்னு எல்லாரோட அப்பா அம்மாவும் வந்து பாக்கலாம். நான் நம்ம கடை மாவுப் பாத்திரத்த தொடைக்கப் போறேன்."

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்களுக்கு ஒரு சின்ன இட்லிக்கடை. அந்த அப்பா அம்மாக்களில் பாதிப் பேர் எங்களிடம் சாப்பிடுகிறவர்கள். தட்டின்மேல் கடைப் பெயரை வேறு எழுதுவார்களாம்.

"மாடிப்படிக் கம்பிய தொடச்சுக்கோயேன்."

"அது பொய்யாயிடும்ப்பா."

வெள்ளிக்கிழமை மதியம் கடையை மூடியதும் வேலையில் இறங்கினேன். கொதிக்கிற தண்ணீர், அதில் புண் கழுவுகிற மருந்து. பாத்திரம், கரண்டி, கிரைண்டர் கல் எல்லாம் குளித்தன. மறுநாள் பட்டறைக்காக மகள் பாத்திரத்தின் உள்ளே பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்து எடுத்து வைத்துக்கொண்டாள். அரைத்த மாவைக் கையால் கலக்க வந்த மனைவியிடம் மருந்துத் தண்ணீரை நீட்டினேன்.

"நான் மாவு கலக்கணுமா, ஆபரேஷன் பண்ணணுமா?"

"அப்போ கரண்டியால கலக்கு."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கரண்டியால் கலக்கினாள். அது டிசம்பர் குளிர். விடிந்து மூடியைத் திறந்தால், ஊற்றிய மட்டத்திலேயே மாவு நின்றது.

"எவ்ளோ அடக்கமான மாவு பாருங்க" என்றாள்.

அதையே அவித்தோம். எங்கள் வாடிக்கைக்காரரான ஆட்டோக்காரர் இட்லியைப் பிட்டு, முகர்ந்து பார்த்தார். அவர் பையனும் என் மகள் வகுப்புதான்.

"அண்ணே, இத சாம்பார்ல தொட்டு சாப்பிடறதா, காயத்துல வெச்சுக் கட்டறதா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், தட்டு சுத்தமாக வந்தால் போதும் என்றிருந்தேன். முடிவு தெரியும்வரை மருந்தை நிறுத்தப் பயமாக இருந்ததால் அந்த வாரம் முழுக்க அதே கழுவல், அதே கல் இட்லி. ஆட்டோக்காரர் எதிர்ச்சாரிக் கடைக்குப் போனார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை வந்தது. பள்ளி ஹாலில் மேசை முழுக்கத் தட்டுகள். பள்ளிக்கூடப் பை, குழாய், பஸ் கம்பி என்று எல்லாவற்றிலும் மஞ்சள் புள்ளி, சாம்பல் பஞ்சு. ஆட்டோ ஹாரனில் முளைத்த ஆரஞ்சுப் புள்ளிகளை அதன் சொந்தக்காரர் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தட்டு மட்டும் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

பட்டறை நடத்திய டீச்சரம்மா குனிந்து பார்த்தார். "ஒண்ணுமே வரலயே. எப்படி சார்?"

நாலு பேருக்குக் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாவையும் அதுலயேவா வெச்சீங்க? மாவு பொங்கறதே கிருமியாலதான் சார். உளுந்துலயும் இருக்கும், கலக்கற கையிலயும் இருக்கும். அது நல்ல கிருமி. உங்க மருந்துக்கு நல்லது கெட்டது தெரியுமா?"

"அதான பாத்தேன்" என்று பின்னாலிருந்து ஆட்டோக்காரரின் குரல். "அதுங்க திரும்பி வந்தா சொல்லியனுப்புங்கண்ணே. நாங்களும் வரோம்."

ஹாலே சிரித்தது. என் மகளும்தான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பாத்திரங்களை வெறும் தண்ணீரில் கழுவி, வளையலை ஏற்றிவிட்டுக்கொண்டு மாவுக்குள் கையை விட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. மூடியைத்தான் அடிக்கடி திறந்தேன்.

"சும்மா சும்மா எட்டிப் பாக்காதீங்க. உங்க மொகத்த பாத்து அதுங்களும் பயந்துக்கப் போவுது."

காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பாத்திரத்துக்கு வெளியே வழிந்திருந்தது. மகள் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆட்டோ வந்து நின்றது. அவர் இட்லியைப் பிட்டு, முகர்ந்து, சாம்பாரில் முக்கி வாயில் போட்டார். நான் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வந்துட்டாங்க" என்றார். "இன்னும் ரெண்டு வைங்க."