லுவீனியா மானிகோவின் இடப்பக்க இருக்கை

வண்டி முழுதாக நிற்பதற்குள் லுவீனியா மானிகோ படத்தை எடுத்துவிடுவார். முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றுவார், மூச்சை அடக்குவார், கிளிக். என்ஜினை அணைப்பதே கிடையாது. "நின்னு நிதானமா எடுக்கறதுக்குள்ள வெளிச்சம் ஓடிப்போயிடும், பிரதர்" என்பார்.

முப்பத்தோரு வருடம் பியூஃபோர்ட் சுற்றுவட்டாரத்தில் தபால்காரராக வீடு வீடாகக் கடிதம் போட்டவர். ஓய்வுபெற்றபின், பழைய தபால் ஜீப் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கிக்கொண்டார். எங்கள் நாட்டில் மற்ற வண்டிகளுக்கெல்லாம் ஸ்டியரிங் இடப்பக்கம். தபால் ஜீப்புக்கு மட்டும் வலப்பக்கம், இறங்காமலே பெட்டியில் கடிதம் போட வசதியாக. இப்போது அதே கை கேமராவைப் பிடிக்கிறது. இடப்பக்க இருக்கையில் கேமராப் பை மகாராணியாக உட்கார்ந்திருக்கும். எனக்கு வண்டியின் பின்பக்கத்தில், கேமரா நிறுத்தும் முக்காலியோடும் அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தோடும்தான் இடம்.

"பை என்னைவிட ஒசத்தியா, சிஸ்டர்?"

"அது தொணதொணக்காது."

எங்கள் ஊர்ச் சவ அடக்க நிலையத்தில் இரங்கல் குறிப்புகள் எழுதுவது என் வேலை. வருடாவருடம் நிலையம் ஒரு காலண்டர் போடும். எங்கள் கறுப்புச் சனத்தின் சமையலறை எதற்குள் நுழைந்தாலும் சுவரில் அதுதான் தொங்கும். படம் லுவீனியா, படத்துக்குக் கீழே ஒரு வரி நான். அதற்காக ஆண்டுதோறும் ஜார்ஜ்டவுனில் தொடங்கி, சார்ல்ஸ்டன் வழியாகச் சவன்னா வரை கடலோரமாகவே நாலு நாள் போகிறோம்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. கல்லறை கூடாது, அடிமைக் குடிசை கூடாது. "பொணம் அடக்கறவன் குடுக்கற காலண்டர்ல சாவு எதுக்கு? சனங்க அதப் பாத்துக்கிட்டுத்தான் காப்பி குடிக்குது. அந்தக் கதையெல்லாம் ரத்தத்துலயே ஓடுது, செவுத்துல வேற மாட்டணுமா?" ஆகவே நீலக் கதவுகள், படகுத்துறைகள், மாதா கோயில் கோபுரங்கள். கண்ணுக்குக் குளிர்ச்சி.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த இடத்திலிருந்து கிளம்பினாலும் தன் பெயரைத் தானே உரக்கக் கூப்பிடுவார்: "லுவீனியா, வாடி, போலாம்!" எங்கள் கடலோரத் தீவுகளில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனால் திரும்பும்போது இப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். உடம்பு வண்டி ஏறிவிடும், ஆவி விளையாட்டு மும்முரத்தில் அங்கேயே தங்கிவிடுமாம். அறுபத்துமூன்று வயதில் கூப்பிட வேறு ஆள் இல்லாததால் அவரே கூப்பிட்டுக்கொள்கிறார். என்னையும் விடுவதில்லை. சார்ல்ஸ்டன் சந்தையில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே "எஸ்ரா, நீயும் வாடா!" என்று கத்தியதில் என் மானம் கப்பலேறியது.

போன அக்டோபரில் நாலாம் நாள் காலை சவன்னா வந்தோம். பன்னிரண்டு மாதத்துக்கும் படம் சேர்ந்துவிட்டது, அட்டைப்படம் மட்டும் பாக்கி. திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். லுவீனியா நேராக ஆற்றோரச் சந்து ஒன்றுக்கு ஓட்டினார். அங்கே ஒரு பழைய செங்கல் மதில், பச்சைப் பாசியோடு. அந்த ஆண்டுக் காலண்டரின் மார்ச் மாதப் படமே அந்த மதில்தான். ஊரே புகழ்ந்த படம். 'தேர்ந்த கைகளின் வேலை' என்று நான்தான் அதற்கு எழுதியிருந்தேன்.

முன்பு வண்டியிலிருந்தே எடுத்த படம். அட்டைக்கு என்பதால் இந்த முறை அதிசயமாக இறங்கினார், கிட்டப் போனார். சாய்ந்த வெயிலில் மதில் தகதகவென்று இருந்தது. எடுத்த படம் தெளிவாக விழுந்ததா என்று பார்க்கக் கேமராத் திரையில் பெரிதாக்கிக்கொண்டே போனார். கட்டைவிரல் சட்டென நின்றது.

"எஸ்ரா, இங்க வா." 'பிரதர்' என்று கூப்பிடவில்லை. "இது என்ன?"

பார்த்தேன். ஒரு செங்கல்லில் வரிசையாக நாலு குழி, கீழே தள்ளி ஒன்று. ஒரு கையின் தடம். ஈரச் செங்கல்லை வெயிலுக்குத் திருப்பிப்போட்ட கை. அடிமைக் காலத்துச் சூளைகளில் அது சின்னப் பிள்ளைகளின் வேலை என்று எங்களுக்குத் தெரியாததில்லை. தெரிந்துவைத்திருப்பது வேறு, கண்முன் பார்ப்பது வேறு.

லுவீனியா மதிலுக்குப் போய், அந்தக் குழியில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார்.

"உள்ள போகல. என் சுண்டுவெரலே போகல, எஸ்ரா. ஆறு வயசு இருக்குமா?"

"ஏழு இருக்கலாம்."

"மார்ச் மாசம் முழுக்க என் அடுப்படியில தொங்குச்சே! இதப் பாத்துக்கிட்டே முட்ட பொரிச்சேனே!"

தேர்ந்த கைகளாம். என் வரியை நினைக்க நினைக்க உடம்பு கூசியது. அந்தக் காலண்டரை நானூறு வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான்.

மெதுவாகக் கேட்டேன்: "அட்டைக்கு வேற எடம் பாக்கலாமா, சிஸ்டர்?"

"இதான் அட்ட. அந்த ஒரு கல்லு மட்டும், பெருசா."

"உங்க சட்டம்?"

"போகட்டும்."

"கீழ என்ன எழுத?"

"பேரு தெரியாம என்னத்த எழுதுவ? சும்மா விடு."

நான் பின்னால் ஏறிக்கொண்டேன், அவரும் வண்டிக்கு வந்தார். ஸ்டியரிங் பக்கம் போகவில்லை, சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனார். கேமராப் பையைத் தூக்கி என் மடியில் போட்டார். இருக்கையிலிருந்த கடலைத்தோலை உள்ளங்கையால் துடைத்துவிட்டார். கதவை அகலத் திறந்துபிடித்துக்கொண்டு மதிலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"கண்ணு, வேல போதும். வா, போலாம்."

பின்னால் வந்த கார் ஒன்று ஹாரன் அடித்தது. திரும்பிப் பாராமலே உள்ளங்கையைக் காட்டி அதை நிறுத்தினார். ஒரு பிள்ளை சாலைக்கு வந்து, படியில் கால் வைத்து, ஏறி உட்கார எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றார். பிறகு, விரல் எதுவும் நசுங்கிவிடாதபடி பார்த்துப் பார்த்துக் கதவைச் சாத்தினார்.