அண்ணனின் வலது பாதம்

தையல் மெஷின் எண்ணெயும் பழைய ஜமுக்காளத் தூசியும் கலந்தால் ஒரு வாசனை வரும். பதின்மூன்று வயதில், எங்கள் சர்ச்சின் டிரம் செட்டுக்குக் கீழே, பெரிய டிரம்மின் பெடலுக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு மட்டுமே தெரிந்த வாசனை அது. மேலே ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணன் கைகளால் வாசிப்பான். கீழே நான் உள்ளங்கையால் பெடலை அழுத்துவேன். அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஒரே டிரம்மராக இருந்த அந்த இரண்டு மாதத்தைப் பற்றி எங்கள் சபையில் இன்றைக்கும் மெச்சிப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்றைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

எங்கள் வீடு திண்டிவனத்தில். அப்பா கொத்தனார், தினமும் காலையில் பஸ் பிடித்து வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விடுவார். அம்மா மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, புடைக்கும் வேலை செய்தாள். என்னைவிட நாலு வயது மூத்தவன் அண்ணன் டேனியல். வெளிநாட்டில் வேலை பார்த்த சபை உறுப்பினர் ஒருவர் வாங்கிக் கொடுத்த டிரம் செட், வாசிக்க ஆளில்லாமல் ஒரு மூலையில் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அண்ணன் போய் உட்கார்ந்தான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனை அங்கிருந்து எழுப்புவது அம்மாவுக்கே பெரும்பாடாகிவிட்டது. அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அப்பாவின் போனில் கிடைத்த வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத்தான் வாசித்தான்.

அந்த வீடியோக்களில் அவன் பிடித்துக்கொண்டது ஒரே ஒருவரை. வெள்ளைக்காரர், நாங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே ராக் இசையில் உலகமெல்லாம் பேர் வாங்கி, போயும் சேர்ந்துவிட்டவர். அவர் பெயர் அம்மாவின் வாயில் நுழையவில்லை. "அந்தத் தாடிக்காரரு" என்றே சொல்லுவாள். "இன்னாடா இது, கர்த்தர் வீட்ல போய் செவுத்த இடிக்கிறாப்புல அடிச்சிக்கினு கீற?" என்று அவள் திட்டினாலும், அண்ணன் வாசிக்கும் ஞாயிறுகளில் முன்வரிசையில் உட்கார இடம் பிடிப்பவளும் அவள்தான்.

மூன்று மாதம் அந்தத் தாடிக்காரரைப் பார்த்து வாசித்த பிறகும் அண்ணனுக்குத் திருப்தி வரவில்லை. கைகள் இரண்டும் அவரைப் போலவே போய் வந்தன, தலையை ஆட்டுவதுகூட அப்படியே இருந்தது. ஆனாலும், "என்னமோ கொறையுது எஸ்தரு. அவரு அடிச்சா ஊரே நடுங்குச்சின்னு எழுதிக்கீறாங்க. எனக்கு ஒண்ணும் நடுங்கலியே," என்று புலம்பிக்கொண்டே இருந்தான். கடைசியில் அவருடைய பாட்டு ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, கடைத்தெருவில் இருந்த "மைக் செட்" கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். கடைக்காரர் ஏதோ திருவிழாவுக்காகத் துடைத்து வைத்திருந்த ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளில் அதைப் போட்டார். அடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. கடையின் ஷட்டர் அதிர்ந்தது. என் வயிற்றுக்குள்ளேயே அந்த அடி விழுந்ததாக நினைத்து நான் அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவன் வாயைப் பிளந்துகொண்டு, "இம்மா நாளா இது எங்க இருந்துச்சி?" என்றான்.

அது அந்த மனிதரின் வலது கால். பெரிய டிரம்மைக் காலால்தான் அடிப்பார்கள். அந்தத் தடித்த சத்தத்தைப் போனின் பொட்டு ஸ்பீக்கர் மொத்தமாக விழுங்கிவிட்டிருக்கிறது. மூன்று மாதமாக நாங்கள் காலில்லாத ஒரு மனிதரைக் காப்பியடித்துக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் ஒருமுறை மிதிக்கிற இடத்தில் அவர் அதே காலால் கண் இமைப்பதற்குள் இரண்டு முறை மிதிப்பார், அப்படி மிதித்தும் எங்கேயும் அவசரம் தெரியாது. அவருடைய பெருமை முழுவதும் அந்த இரட்டை மிதியில்தான் இருந்தது.

அன்றிலிருந்து அண்ணனின் உயிர் முழுவதும் வலது பாதத்துக்கு இறங்கிவிட்டது. சாப்பிடும்போதும் படிக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அந்தப் பாதம் "தும்... துதும்" என்று தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். "கால ஆட்டாதடா, குடும்பத்துக்கு ஆவாது," என்று அம்மா தொடையில் ஒரு அடி வைப்பாள். ஐந்து நிமிடம் நிற்கும். பிறகு மறுபடியும் ஆரம்பித்துவிடும். புரட்டாசி முடிவதற்குள் இரட்டை மிதி அவனுக்கு வந்துவிட்டது. ஆராதனையில் முதன்முறையாக அவன் அதை மிதித்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், பஸ்ஸைத் தவறவிட்ட அப்பாவைக் கூட்டிவர அண்ணன் சிநேகிதனின் பைக்கை எடுத்துக்கொண்டு வானூருக்குக் கிளம்பினான். வழியில் மணல் ஏற்றிய டிராக்டர் ஒன்று திரும்ப, பைக் வழுக்கியது. வலது கணுக்கால் பைக்குக்கும் ரோட்டுக்கும் நடுவில் மாட்டி நொறுங்கிவிட்டது. விழுப்புரத்தில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். கால் பிழைத்தது, ஆனால் நரம்பு அடிபட்டிருந்தது. பாதத்தைக் கீழே அழுத்த முடிந்தது, மேலே தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அசையாமல் கிடந்த அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் ஆட்டுடா கண்ணு, கொஞ்சம் ஆட்டு," என்று அம்மா கெஞ்சியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைப் போன்ற ஒரு குரலை அவளிடம் அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

அங்கே காலுக்குப் பயிற்சி கொடுத்த அம்மாள் கண்டிப்பானவர். "மிதிக்கிற வேலை எதனா குடுங்க. தையல் மெஷின் இருந்தா மிதிக்கட்டும். மிதிக்க மிதிக்கத்தான் நரம்புக்கு ஞாபகம் வரும். ஆறு மாசமோ ஒரு வருசமோ, அதுக்குள்ள வந்தாதான் உண்டு. பாவமா இருக்குதுன்னு வேற யாரும் அவனுக்காகச் செஞ்சிடாதீங்க," என்றார். "எங்கிட்ட பெடலே இருக்குதுங்க," என்று அண்ணன் சிரித்தான். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான். அந்த அம்மாள் சொன்னதை நானும் கேட்டேன். நன்றாகக் காதில் வாங்கினேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஊன்றுகோலோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். முதல் அடி விழும். பாதம் மேலே எழும்பி வருவதற்குள் இரண்டாவது அடியின் நேரம் தாண்டிப் போய்விடும். பாடகர் குழு தடுமாறியது. கீபோர்டு வாசித்துக் குழுவை நடத்திய ராஜமணி அண்ணன் நல்லவர்தான், ஆனால் அவருக்குப் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, இந்த வருசம் கை மட்டும் வாசி. காலு பேஜாரு பண்ணுது," என்றார். அண்ணனின் முகம் செத்துப்போனதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் கீழே போய்க் குந்தினேன். "நீ கைய வாசிண்ணா. நான் அழுத்துறேன்," என்றேன்.

டிரம்மில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. ஒரு பெரிய கலைஞரின் வலது காலை என் வலது கையால் கற்றுக்கொண்டேன். கீழே இருந்து எனக்கு எதுவும் தெரியாது என்பதால் மிதிக்க வேண்டிய இடத்தில் அண்ணன் குச்சியின் அடிப்பக்கத்தால் என் தோளைத் தொடுவான். ஒரு வாரத்தில் தோளைத் தொடத் தேவையே இல்லாமல் போயிற்று. அவன் மூச்சு இழுப்பதை வைத்தே எங்கே ஒற்றை, எங்கே இரட்டை என்று எனக்குத் தெரிந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் சபையே எழுந்து கை தட்டியது. சாட்சி சொல்லும் நேரத்தில் மூன்று பேர் எங்களைப் பற்றியே சாட்சி சொன்னார்கள். சகோதர அன்புக்கு அடையாளம் என்று பிரசங்கத்தில் எங்கள் பெயர் வந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை என் பெயரை யாரும் சர்ச்சில் உரக்கச் சொன்னதில்லை.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்கள் வந்தன. எங்கள் சபையில் அந்த நாற்பது நாளும் டிரம் கிடையாது; செட்டின் மேல் வெள்ளை வேட்டியைப் போர்த்திவிடுவார்கள், மறுபடி தொடுவது ஈஸ்டர் அன்றுதான். அண்ணன் கேட்டுக்கொண்டதால் பெடலை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போக விட்டார்கள். சுருட்டிய மெத்தை ஒன்றைச் சுவரோரம் நிறுத்தி, அதன் முன்னால் பெடலை வைத்து, காலையிலும் மாலையிலும் மிதித்தான். "ஈஸ்டருக்கு நானேதான் மிதிப்பேன்," என்று சொல்லிக்கொண்டே மிதித்தான். நெற்றியில் வேர்வை வடியும், பல்லைக் கடித்துக்கொள்வான். எனக்கு அந்தச் சத்தம் எரிச்சலாக இருந்தது. தும்... என்று விழுந்துவிட்டு அடுத்தது எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். "இப்டிண்ணா," என்று அவனைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு என் காலால் மிதித்துக் காட்டுவேன். காட்டிக் காட்டி, கூடவே தொடையில் கைகளால் தட்டியும் பார்த்து, அந்தத் தாடிக்காரரின் தாளம் முழுவதும் எனக்கு வந்துவிட்டது. ஒருநாள் குளித்துவிட்டு வந்த அண்ணன் கதவோரம் நின்று பார்த்தான். "வந்துருச்சிடி உனக்கு," என்றான். பெருமையாகத்தான் சொன்னான், நானும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஈஸ்டர் ஆராதனை. அண்ணன் தனியாக ஸ்டூலில் இருந்தான். நான் பெண்கள் பக்கம், முதல் பெஞ்சில். முதல் இரண்டு பாட்டும் நிதானமான பாட்டுகள், தப்பித்தான். மூன்றாவது வேகமான பாட்டு. கால் பின்தங்கியது. ஜனங்களின் கைதட்டல் கலைந்து, சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ராஜமணி அண்ணன் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அதே சமயம் அண்ணனும் வாசித்துக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தான். உதவிக்குக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கீழே உட்கார்ந்தேன். அவன் குதிகாலுக்கு அடியில் கையைக் கொடுத்து, பாதத்தைப் பெடலிலிருந்து எடுத்து ஓரமாகத் தரையில் வைத்தேன். அது என்னை எதிர்க்கவில்லை. பிறகு உள்ளங்கையால் அழுத்தினேன். துதும், துதும் என்று பாட்டு நிமிர்ந்தது. சபை மறுபடியும் கை தட்டியது.

ஆராதனை முடிந்து எல்லோரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணன் குச்சிகள் இரண்டையும் என் கையில் கொடுத்தான். "இந்தா, இனிமே நீயே வாசி. ஒரு டிரம்முக்கு ரெண்டு ஆளு எதுக்கு?" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். அவன் சாதாரணமாகச் சொன்னான், நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

பெடல் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பயிற்சிக்கு விழுப்புரம் போகலாம் என்று அம்மா கூப்பிடும்போதெல்லாம், "ஆவட்டும்மா, பாத்துக்கலாம்," என்று தட்டிக்கழித்தான். அந்த அம்மாள் சொன்ன ஒரு வருடமும் கழிந்தது. பாதம் அப்படியே நின்றுவிட்டது. நான் எட்டு வருடம் அந்தச் சர்ச்சில் வாசித்தேன். "டேனியல் தங்கச்சி, காலு பின்னுது," என்று சொல்லுவார்கள்.

இப்போது நான் விழுப்புரத்தில் வேலை பார்க்கிறேன். அண்ணன் திண்டிவனத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். காலணிக்குள் ஒரு பட்டை வைத்துக் கட்டிக்கொண்டு நன்றாகவே நடக்கிறான். எங்கள் சர்ச்சில் டிரம் செட் இல்லை. மேஜை மேல் வைக்கிற எலக்ட்ரானிக் பேட் ஒன்று வந்துவிட்டது. காலின் சத்தத்துக்கும் அதில் ஒரு கட்டம் உண்டு, கையால் தட்டினால் போதும். பழைய செட்டைக் கழற்றி யாரோ எடுத்துப்போனார்கள்.

போன மாதம் அண்ணன் உதிரிச் சாமான் வாங்க விழுப்புரம் வந்தவன் என் வீட்டில் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்து அவன் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடம் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். "அன்னிக்கி ஈஸ்டருக்கு நான் உன் கால எடுத்து வெச்சிருக்கக் கூடாதுண்ணா."

அவன் நிமிரவில்லை. பட்டையை இழுத்து மாட்டிவிட்டு, "அத உடு எஸ்தரு," என்றான். காலணிக்குள் பாதத்தை நுழைத்துக்கொண்டே அவனே சொன்னான். "அந்த மூணாவது பாட்டுல, நீ எழுந்து வர்றதுக்குச் சித்த முன்ன, ரெண்டு அடியும் சரியா விழுந்துச்சி. மூணு வாட்டி விழுந்துச்சி. அதச் சொல்லத்தான் திரும்பி உன்னப் பாத்தேன். உனக்குக் கேட்டிருக்கும், சிரிப்பன்னு நெனச்சேன்."

எனக்குக் கேட்கவில்லை. ராஜமணி அண்ணனின் புருவத்தையும் திரும்பிப் பார்த்த ஜனங்களையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று முறையையும் கேட்டவர்கள் இந்த உலகத்தில் அவனைத் தவிர யாருமில்லை. நான் ஒருத்தி கேட்டிருக்க வேண்டும்.